போர்டை முன்னுக்கு நகர்த்திய பெரியதம்பி

"ஒருத்தனாச்சும் ஒரு விஷயத்த முழுசா சொல்றானா பாரு!"

பெரியதம்பிக்கு இந்த உலகத்தின் மேல் இருந்த ஒரே குறை இதுதான். காலையில் டீக்கடையில் சொல்வார். கம்பெனி பஸ்ஸில் சொல்வார். மத்தியானம் கேண்டீனில் சாம்பார் வாளியைப் பார்த்துக்கூடச் சொல்வார். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். நல்ல மனுஷன், வேலையில் கெட்டிக்காரர். காது மட்டும் பாதியிலேயே கடையைச் சாத்திவிடும். எதிராளி வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் போதும், மீதியைத் தானே பூர்த்தி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்.

கல்யாணத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. தரகர் வந்து உட்கார்ந்து, "பொண்ணு பேரு பூங்..." என்று இழுத்தார். அவருக்கு வெற்றிலைச் சாறு வாயில் நிறைந்திருந்தது.

"பூங்காவனம்தான? லட்சணமான பேரு. முடிச்சிருங்க" என்றார் பெரியதம்பி.

பத்திரிகையில் பூங்காவனம் என்றே அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி ஓடிவந்து, "என்னாங்க மாப்ள, எம் பொண்ணு பூங்கொடி. நீங்க யாரக் கட்டப் போறீங்க?" என்று கேட்டார். பெரியதம்பி அசரவில்லை. "தரகன் முழுசா சொன்னானா மாமா?"

கம்பெனியிலும் அப்படித்தான். சூப்பர்வைசர் அசோக்குமார் சேலத்துக்காரர், பொறுமைசாலி. "பெரியதம்பி, மூணாவது லைன்ல அந்த மோட்டாரு..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். டீ கிளாஸை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெரியதம்பி மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"யோவ், அந்த மோட்டாரு பக்கத்துல இருக்கற ஃபேன பாருன்னு சொல்ல வந்தேன்யா! மோட்டாரு நல்லா ஓடிட்டு இருந்துச்சு!"

"பாத்தீங்களா சார், நீங்களும் முழுசா சொல்லல."

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் இந்தக் காது அவரைப் பெரிய வம்பில் மாட்டிவிட்டது. வம்பின் பெயர் தண்ணீர்.

அவர்கள் குடியிருந்த தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வரும். எந்த நாள், எந்த நேரம் என்பது வால்வு திறக்கிறவருக்கே அன்றைக்குக் காலையில்தான் தெரியும். வந்தால் ஒரு மணி நேரம் வரும். அந்த நேரத்துக்குள் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட வேண்டும். விட்டால் அடுத்த வாரம். பெரியதம்பிக்குப் பகல் ஷிப்ட். பூங்கொடிக்கு இரண்டாவது சிப்காட்டில் ஒரு கடிகாரப் பாக கம்பெனியில் வேலை. வீடு பூட்டிக் கிடக்கும். வாசலில் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு சிவப்பு பக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் பக்கெட் நிறைந்திருந்தால் தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். துக்கம் விசாரிக்க மட்டும் உதவும் ஏற்பாடு அது.

அதனால் பெரியதம்பி பக்கத்து வீட்டு சாந்தம்மாவிடம் தன் செல் நம்பரைக் கொடுத்திருந்தார். "தண்ணி வந்தா ஒரு போன் போடுங்கம்மா. நான் பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்துர்றேன்." சாந்தம்மா தளி பக்கத்துக் கன்னடக்காரம்மா. தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் பரபரப்பு வந்துவிட்டால் தமிழ் போய்விடும், கன்னடம்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. சாந்தம்மா சொன்ன சொல் மாறாமல் போன் போட்டார். "பெரியதம்பி! நீரு பந்த்து! நீரு பந்த்து கணப்பா!"

கன்னடத்தில் இதற்கு 'தண்ணி வந்துருச்சு' என்று பொருள். ஓசூரில் மளிகைக் கடைப் பூனைக்குக்கூட இது தெரியும். ஆனால் அந்த வாரம் பெரியதம்பியின் காதுக்குள் வேறு ஒரு வார்த்தை தயாராக உட்கார்ந்திருந்தது. கர்நாடகாவில் பந்த் வரப்போகிறது, அத்திப்பள்ளியோடு பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு. நீரு பந்த். தண்ணீருக்கும் பந்த்!

"பந்த்தா? சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்துவிட்டார். வராத தண்ணீருக்குக்கூடப் பொறுப்பாகத் தகவல் சொல்கிற பெண்மணி என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தார்.

அதோடு விட்டாரா? பக்கத்து மெஷின்காரனிடம், "பந்த்தாம்டா, இப்பதான் எங்க தெருவுல இருந்து போன் வந்துச்சு" என்றார். டீ நேரத்துக்குள் ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. அத்திப்பள்ளியிலிருந்து வருகிற பையன்கள் எல்லாரும் வரிசையாக அசோக்குமார் முன்னால் போய் நின்றார்கள். "சார், பந்த்தாம் சார், பஸ் நிக்கறதுக்குள்ள வுட்டுருங்க சார்." அசோக்குமார் நாலு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "எந்த ஊர்லயும் பந்த் இல்ல! எவன்டா இதக் கௌப்புனது?"

பெரியதம்பி அப்போது ஏணி மேல் ஏறி, நன்றாக எரிந்துகொண்டிருந்த ட்யூப் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் சிவப்பு பக்கெட் தளும்பிக்கொண்டிருந்தது. தொட்டியில் பல்லி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு தண்ணி கெடையாதுன்னு சாந்தம்மாதான் சொன்னாங்க" என்றார் பெரியதம்பி. மனைவியிடம் அவர் சாந்தம்மாவின் வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கதை முடிந்திருக்கும். பூங்கொடிக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் தன் காது செய்த மொழிபெயர்ப்பைத்தான் சொன்னார்.

பூங்கொடிக்கு முகம் சிவந்தது. "வந்த தண்ணிய வரலன்னு சொல்லுச்சா அந்தம்மா? அவங்க தொட்டி மட்டும் ரொம்பணும்னா?" அன்றிலிருந்து சாந்தம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாந்தம்மாவுக்கு ஏனென்று விளங்கவில்லை. இருந்தாலும் அடுத்த வாரமும் மனசு கேட்காமல் போன் போட்டார். "நீரு பந்த்து!" "தெரியும்மா, தெரியும்" என்று பெரியதம்பி பாதியில் வெட்டினார். அந்த வாரத் தண்ணீரும் போயிற்று.

இரண்டாவது வாரம் சாயங்காலம் பூங்கொடி தீர்ப்பு சொன்னாள். கத்தவில்லை, அதுதான் பயம்.

"இதா பாருங்க. எதிர் வூட்டுல பிச்ச கேட்டு ஒரு கொடம் வாங்கி நான் தல குளிச்சது போதும். இன்னும் ஒரு தடவ தண்ணிய வுட்டீங்கன்னா, இந்த வூட்டக் காலி பண்ணிட்டு பாகலூர் ரோட்டுல எந்தம்பி வூட்டு மாடிக்குப் போறோம். அவன் எப்பவோ வரச் சொல்லிட்டான். அங்க போரு தண்ணி."

பெரியதம்பிக்கு அந்த வீடு ஏற்கெனவே தெரியும். மச்சான் மோகன்குமார் கெட்டவன் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த வீடு, மரியாதையான பேச்சு. ஆனால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் அவனுக்கு ஓயாத அக்கறை. போன பொங்கலுக்கு இரண்டு நாள் அந்த வீட்டில் தங்கியிருந்தார் பெரியதம்பி. "மாமா, ஃபேன அஞ்சுல வெக்காதீங்க, மூணு போதும்." "மாமா, சோத்த இன்னும் கொஞ்சம் மெல்லுங்க." "மாமா, டி.வி.க்கு இவ்ளோ கிட்ட ஒக்காரக் கூடாது." "மாமா, மல்லாக்கப் படுங்க, ஒருக்களிச்சுப் படுத்தா கழுத்துக்கு ஆவாது." தூக்கத்தில் புரண்டதைக்கூட அவன் குறித்து வைத்திருந்தான். இரண்டு நாளே இரண்டு வருஷமாக இருந்தது. இனி ஆயுள் முழுக்க அந்தக் கண்ணுக்குக் கீழேயா?

கம்பெனியில் அசோக்குமாரிடம் புலம்பினார். அசோக்குமார் யோசித்துச் சொன்னார்: "கேமரா ஒண்ணு வெச்சிருய்யா. பெங்களூர்ல எஸ்.பி. ரோட்டுல கெடைக்குது. ஒன் வூட்டுலதான் பிராட்பேண்ட் இருக்குல்ல? கொழாயப் பாத்தாப்ல ஜன்னல்ல மாட்டு. மெயின்டெனன்ஸ் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்தே தண்ணி வருதான்னு பாத்துக்க."

இதை மட்டும் எப்படியோ முழுதாகக் கேட்டுவிட்டார் பெரியதம்பி. மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பெங்களூர் போய்க் கேமராவோடு வந்தார். மோகன்குமார் வற்புறுத்தி வாங்கவைத்த வயர்லெஸ் ரவுட்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது, இரண்டு கொம்போடு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும். கேமராவை அதோடு சேர்த்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் புத்தகத்தில் போட்டிருந்த எண்ணை அடித்தார். குழாய் தெரிந்தது. சிவப்பு பக்கெட் தெரிந்தது. பக்கெட்டில் உட்கார்ந்த காக்கா தெரிந்தது. பெரியதம்பி கைதட்டினார்.

மறுநாள் கம்பெனியில் அதே எண்ணை அடித்தார். குழாய் வரவில்லை. கம்பெனி பிரிண்டரின் பக்கம் ஒன்று திரையில் வந்து, உள்ளே காகிதம் சிக்கியிருக்கிறது என்றது. கம்பெனிக்குள் அதே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிரிண்டர் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழாய்க்குள் விரலை விட்டுக் காகிதம் தேடினார்.

வேறு வழியில்லை. யாருக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அவனுக்கே போன் போட்டார்.

மோகன்குமார் உற்சாகமாகிவிட்டான். அவனுக்கும் உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. மாடியை ஐ.டி. பையன்களுக்கு விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

"மாமா, அது வூட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாவற நம்பர். வெளிய இருந்து பாக்கணும்னா போர்ட் ஃபார்வர்டு பண்ணணும். மொதல்ல..."

"போர்டா?" பெரியதம்பியின் குரலில் இருபது வருஷ எலக்ட்ரீஷியன் நெஞ்சு நிமிர்த்தி நின்றார். "அட, இவ்ளோதானா? போர்டப் பத்தி எங்கிட்டயே சொல்றியா மச்சான்? நீ வெய்யி போன!"

"மாமா, அது அந்த போர்டு இல்..."

வைத்துவிட்டார்.

ஃபார்வர்டு என்றால் முன்னால் என்று ஹாக்கி பார்த்த காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஆக, போர்டை முன்னால் கொண்டுவர வேண்டும். வீட்டின் சுவிட்ச் போர்டு, மோட்டார் சுவிட்சோடு சேர்த்து, பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரில் இருந்தது. அதை வாசல் சிட்அவுட்டுக்கு நகர்த்தினால் வயர் நீளம் குறையும். நீளம் குறைந்தால் கரண்டு பலமாக வரும். பலமாக வந்தால் படம் கம்பெனி வரைக்கும் போய்ச் சேரும். எவ்வளவு தெளிவாக இருக்கிறது! மச்சான் படித்தவன், அதனால்தான் இதைச் சுற்றி வளைக்கிறான்.

அந்த ஞாயிறு பூங்கொடி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தார். உளி, சுத்தியல், பைப், வயர். அவள் திரும்பி வந்தபோது சமையல்கட்டுச் சுவரில் ஒரு ஆள் தலை நுழைகிற ஓட்டை இருந்தது. சிட்அவுட்டில் புது போர்டு பளபளத்தது. இரண்டுக்கும் நடுவில் பெரியதம்பி வெள்ளைச் சிமெண்ட் பூசிய முகத்தோடு நின்றார்.

"என்னாங்க இது?"

"போர்டு ஃபார்வர்டு."

"யாரு சொன்னது?"

"ஒந்தம்பிதான். பெரிய இதா பேசறான், நான் ஒரே நாள்ல முடிச்சிட்டேன்."

பூங்கொடி ஓட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தம்பிக்குப் போன் போட்டாள். சுவரில் விழுந்த ஓட்டையைச் சொன்னாள். பிறகு மோகன்குமார் தரையில் உருண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒருத்தனாச்சும் முழுசா..." என்று ஆரம்பித்தார் பெரியதம்பி.

பூங்கொடி ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். "வாயில ஊத்திக்கங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. தம்பி சொல்லி முடிக்கற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கணும். தொட்டியில இருக்கறதே இதான், வீணாக்குனீங்கன்னா அவ்ளோதான்."

பெரியதம்பி கன்னம் உப்ப, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். பூங்கொடி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். கம்பெனியில் அவள் வேலையே எழுதி ஒட்டியிருக்கிறபடி ஒவ்வொரு அடியாகச் செய்வதுதான்.

"சொல்லுடா."

"அக்கா, மாமா கேக்கறாரா? மாமா, ஒங்க கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி இருக்காருல்ல? வெளிய இருந்து ஒருத்தர் வந்து சும்மா நின்னா உள்ள வுடுவாரா?"

பெரியதம்பி உப்பிய கன்னத்தோடு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வுட மாட்டாரு. ஆனா இன்ன நம்பர் சொல்லிட்டு வந்தா நேரா இன்ன ஷெட்டுக்கு அனுப்புன்னு மொதல்லயே அவருகிட்ட சொல்லி வெச்சிருந்தா? அனுப்பிருவாரு. ஒங்க ரவுட்டர்தான் அந்த செக்யூரிட்டி. அந்த நம்பருக்குப் பேருதான் போர்ட். சுவத்துல இருக்கற போர்டு இல்ல மாமா. கேமராவுக்குன்னு ஒரு நம்பர் வெச்சிட்டு, இத சொல்லிட்டு வர்றவங்கள கேமராகிட்ட அனுப்புன்னு ரவுட்டருக்கு சொல்லணும். அவ்ளோதான் போர்ட் ஃபார்வர்டு."

பெரியதம்பியின் கண் அகலமாகியது. இவ்வளவு சுலபமா! 'இத மொதல்லயே முழுசா சொல்லியிருக்கலாம்ல' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்து தண்ணீரில் முட்டி நின்றது.

பூங்கொடி ரவுட்டரின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். பெயர் கேட்டது, அட்மின் என்று அடித்தாள். பாஸ்வேர்டும் அட்மின். "அய்யோ அக்கா, இத மொதல்ல மாத்தணும், எவன் வேணா வந்துருவான்" என்று மோகன்குமார் தானே ஒரு பாஸ்வேர்டு யோசித்து எழுத்தெழுத்தாகச் சொன்னான். பிறகு கேமராவுக்கு மாறாத ஒரு முகவரி கொடுக்கச் சொன்னான். "இல்லன்னா கரண்டு போயி வந்தா கேமரா வேற நம்பருக்கு மாறிக்கும். செக்யூரிட்டி பழைய ஷெட்டுக்கே ஆள அனுப்பிட்டு இருப்பாரு." கரண்டு அப்போது நாளைக்கு நாலு தடவை போய்க்கொண்டிருந்த காலம். இன்வெர்ட்டர் இருந்தும் நம்ப முடியாது.

"ஆச்சுடா. அப்புறம்?"

"இடது பக்கம் வெர்ச்சுவல் சர்வர்னு ஒண்ணு இருக்கா? போர்ட் ஃபார்வர்டுக்கு அந்த ரவுட்டர்ல அதான் பேரு. அந்த சர்வர..."

"சர்வரா? ஓட்டல்ல..." என்று பெரியதம்பி வாயைத் திறந்தார். அரை டம்ளர் தண்ணீரும் கீபோர்டில்.

பூங்கொடி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே எழுந்து போய், மிச்சமிருந்த குடத்திலிருந்து இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பூங்கொடி கீபோர்டைக் கவிழ்த்து உதறித் துடைத்துவிட்டு, எட்டு, ஜீரோ, எட்டு, ஒண்ணு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். கேமராவின் முகவரியை அடித்தாள். சேவ் பண்ணினாள். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன.

"கடைசியா ஒண்ணு" என்றான் மோகன்குமார். "ஒங்க வூட்டோட வெளி முகவரி அடிக்கடி மாறும். அதனால ஒரு பேரு பதிஞ்சு குடுக்கறேன், அத அடிச்சா எப்பவும் ஒங்க வூட்டுக்கே போவும்." கொஞ்ச நேரத்தில் பதிந்தும் கொடுத்தான். என்ன பெயர் என்று பார்த்தால், மோகன்குமார் என்றே ஆரம்பித்தது.

பெரியதம்பி தண்ணீரை மடக்கென்று விழுங்கிவிட்டார். "என் வூட்ட நான் பாக்கறதுக்கு ஒம் பேர அடிக்கணுமா?"

"எனக்கு ஞாபகம் இருக்கட்டும்னுதான் மாமா."

மறுநாள் காலை பெரியதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மச்சான் பெயரைக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் அடித்தார். பின்னால் அந்த எண்ணையும் சேர்த்தார். வெள்ளையாக ஏதோ வந்தது. பிறகு மேலிருந்து கீழே மெதுவாக, துணியை விரிப்பதுபோல, குழாய் வந்தது. பக்கெட் வந்தது. அசோக்குமாரும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் காய்ந்த குழாயை ஏதோ முதல் நாள் சினிமாபோலப் பார்த்தார்கள்.

மூன்று நாள் அந்தக் குழாய் அப்படியே இருந்தது. நான்காவது நாள் மத்தியானம் கம்ப்ரஸர் ஒன்று மக்கர் செய்தது. பெரியதம்பி அதற்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் செல் அடித்தது. சாந்தம்மா. ஏற்கெனவே இரண்டு தடவை பெரியதம்பி போனைப் பாதியில் வைத்திருந்தார், பூங்கொடியும் பேச்சை நிறுத்திவிட்டாள், அப்புறமும் தண்ணீர் தெருவில் வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அந்த அம்மாவுக்கு.

"நீரு பந்த்து! பேக பா!" என்று சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார்.

"பந்த்தா? சரிம்மா, சரிம்மா." வைத்துவிட்டார்.

வைத்த அதே நேரம் மெயின்டெனன்ஸ் ரூமிலிருந்து அசோக்குமாரின் குரல். "யோவ் பெரியதம்பி! ஓடியா! ஒன் வூட்டுல தண்ணி கொட்டுதுய்யா!"

ஓடினார். படத்தில் குழாய் முழு வாயால் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கெட் நிறைந்து வழிந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தம்மா நின்றிருந்தார். கையில் செல்லைப் பிடித்துக்கொண்டு, அதைப் பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி வருது. ஆனா இந்தம்மா இப்பதான் தண்ணி பந்த்துன்னு சொல்லிச்சே!"

அசோக்குமார் திரும்பினார். "என்னா சொல்லிச்சு? அப்படியே சொல்லு."

"நீரு பந்த்து."

"யோவ், பந்த்துன்னா கன்னடத்துல வந்துச்சுன்னு அர்த்தம்யா!" சொன்ன பிறகு அசோக்குமாரின் முகம் மெதுவாக மாறியது. "அப்ப அன்னிக்கி பந்த்துன்னு சொல்லி ஷெட்டையே கலச்சுவுட்டது..."

"அது அப்புறம் பேசிக்கலாம் சார்!"

கம்பெனியிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் முக்கால் மணி நேரம். பூங்கொடி இன்னும் தூரம். தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நிற்கும், தெரியாது. நின்றுவிட்டால் மாடி வீடுதான், மூணாம் நம்பர் ஃபேன்தான். பெரியதம்பி சாந்தம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, மோட்டார..."

"நீ சும்மா இருப்பா!" வெடித்தார் சாந்தம்மா. "மூணு தடவ ஹேளிதீனி, மூணு தடவ சொன்னேன்! தண்ணி வந்துச்சுன்னு கூப்ட்டா டொக்குன்னு வெக்கற. ஒன் எண்டதி பூங்கொடி மூஞ்ச திருப்பிட்டுப் போறா. நான் என்னா தப்பு பண்ணினேன்? நீ நடுவுல பேசின, நானும் வெச்சிடுவேன்!"

பெரியதம்பி ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். காதில் சாந்தம்மா, கண்ணில் கொட்டும் தண்ணீர். படம் நாலு நொடிக்கு ஒரு தடவை மாறியது. ஒரு படத்தில் சாந்தம்மா கையை ஆட்டினார். அடுத்ததில் இடுப்பில் கை வைத்தார். அடுத்ததில் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பக்கெட்டிலிருந்து வழிந்த தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. பெரியதம்பியின் நெற்றியிலும் வழிந்தது. அசோக்குமார் பக்கத்தில் நின்று, 'பேசாத, பேசாத' என்று சைகை காட்டினார்.

கடைசியில் சாந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஈக ஹேளு, இப்ப சொல்லு. என்னா பண்ணணும்?"

"கேட்டு சும்மாதான் சாத்தியிருக்கும்மா. உள்ள வந்து சிட்அவுட்டுல புது போர்டு இருக்கு பாருங்க, அதுல பெரிய சுவிட்சு. கொழாய மூடிட்டு அதப் போட்டுருங்க."

சாந்தம்மா கேட்டைத் தள்ளினார், காணாமல் போனார், குழாயடியில் தோன்றினார், மறுபடி காணாமல் போனார். அடுத்த படத்தில் குழாய் மூடியிருந்தது. போனில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பெரியதம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தொட்டி நிறைந்து வழிந்ததைப் பூங்கொடி மாடிக்கே ஏறிப் பார்த்தாள். விஷயம் முழுவதையும் சாந்தம்மாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்து, இரண்டு வாரத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தார்கள்.

"சரி, இங்கயே இருப்போம்" என்றாள் புருஷனிடம். "ஆனா சாந்தம்மா இனிமே எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. ஒங்களுக்கு இல்ல."

பெரியதம்பிக்கு இது போதும். மாடி வீட்டுக்குப் போவது தப்பியது, மச்சானின் கண்ணிலிருந்து தானும் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தார். ஒரு வாரம் அந்த நிம்மதி நிலைத்தது.

ஒரு விடுமுறை நாள் காலை. பனியனும் லுங்கியுமாக வாசலுக்கு வந்தவர், இரும்பு கேட்டின் கம்பியில் முதுகைச் சாய்த்து மேலும் கீழுமாக ஆனந்தமாகச் சொறிந்துகொண்டிருந்தார். செல் அடித்தது.

"மாமா, கேட்டுல சொறியாதீங்க. துரு புடிச்சிருக்கு."

பெரியதம்பி கம்பியை விட்டு விலகினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நீ எங்கடா இருக்க?"

"ஆபீசுல. அந்தப் பேரு எங்கிட்டயும் இருக்குல்ல மாமா, அப்பப்ப தொறந்து பாப்பேன். பனியன் கூட ஓட்டையா இருக்கு, வேற போட்டுக்கங்க. அப்புறம் அந்த பக்கெட்ட வெயில்ல வெக்காதீங்க, வெடிச்சிரும்."

பெரியதம்பி மெதுவாக ஜன்னலைப் பார்த்தார். கேமரா தன் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. செக்யூரிட்டியிடம் ஒரு எண்ணைச் சொன்னால் உள்ளே விடுவார். அந்த எண்ணைச் சொன்னவன் யார் என்று மட்டும் அவர் கேட்பதில்லை.

பூங்கொடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "தம்பியா? என்னா சொல்றான்? நேர்ல பாக்கணும்னு ஏக்கமா இருக்கும் அவனுக்கு. பேசாம மாடிக்கே போயிருக்கலாம்."

போனிலேயே அது மோகன்குமாருக்கும் கேட்டுவிட்டது. மாமாவைப் பார்த்துப் பார்த்து அவனுடைய பழைய கணக்கும் மாறிப்போயிருந்தது. "அக்கா சொல்றது கரெக்ட்தான் மாமா. ஐ.டி. பசங்க இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. எப்ப வர்றீங்க?"

பெரியதம்பி லுங்கியை மடித்துக் கட்டினார். ஜன்னலுக்கு நேராக, படத்தில் முழுதாகத் தெரிகிறபடி வந்து நின்றார். போனை வாயருகே வைத்துக்கொண்டு, கேமராவின் கண்ணைப் பார்த்தே சொன்னார்:

"மச்சான், இது தண்ணி வருதான்னு பாக்க வெச்ச கேமரா, மாமன் எங்க சொறியறான்னு பாக்க வெச்சது இல்ல. ஒன் மாடிக்கு நாங்க வர்றதா இல்ல, அத எவனுக்கு வேணா வுட்டுக்க. ஆனா பாத்துத்தான் தீருவேன்னா நல்லா பாரு: நாளைக்கி காலைல இதே கொழாயடியில கோவணத்தோட ஒக்காந்து எண்ணெ தேச்சிக் குளிக்கப் போறேன், ஒன் ஆபீசுல மேனேஜர் மொதக்கொண்டு எல்லாத்தையும் கூப்ட்டு முன்வரிசையில ஒக்கார வெச்சிக்க!"